டிரவுட் தின்னாமல் இறங்க மாட்டேன்

ஜூலை 24

இடமாறுதல் உத்தரவு வந்துவிட்டது. தூத்துக்குடி! நான் கேட்ட இடமே. இந்த மலைமேல் பனிக்கொரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நர்ஸாக வந்த மறுநாளிலிருந்து இதற்காகத்தான் மனுமேல் மனு போட்டுக்கொண்டிருந்தேன். என் இடத்துக்கு ஒரு பெண் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டதும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அழுதாள். "அஞ்சாம் தேதி மாதா திருநாளுக்கு வந்துருவேல்லா?" என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

சாயங்காலம் டீக்கடையில் நல்லசிவம் சாரிடம் சொன்னேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், இங்கே உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். "அப்புடீங்களா, நல்லதுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "நல்லதுங்க" என்றார். டீ ஆறிப்போய் ஏடு படிந்ததுகூடத் தெரியாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று, "சிஸ்டர், நீங்க எறங்கறதுக்குள்ள ஒரு டிரவுட் மீனு புடிச்சுக் குடுத்துடறனுங்க" என்றார்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சார் இரண்டு வருஷமாகத் தூண்டிலோடு ஓடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியது ஊருக்கே தெரியும். கோபம் வந்தது எனக்கு. சாரிடம் அல்ல, சிரித்தவர்களிடம். "சரி சார். நீங்க பிடிச்ச டிரவுட்டைத் தின்னாம நான் இந்த மலையை விட்டு எறங்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மாதா மேல் ஆணை என்றும் ஒரு வார்த்தை சேர்த்துத் தொலைத்தேன். என் வாய் எப்போதுமே என்னைக் கேட்டுவிட்டுப் பேசுவதில்லை.

ஜூலை 25

மழை. துவைத்த யூனிஃபார்ம் மூன்று நாளாகக் காயவில்லை. விறகு அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டேன். இப்போது என்மேல் கருவாட்டு வாசனை வராத குறைதான். அந்த வாசனை வந்தாலாவது நன்றாயிருக்கும்.

ஜூலை 27

ஞாயிறு. மழை கொஞ்சம் விட்டது. சாரோடு ஓடைக்குப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான்.

இந்த ஓடையில் டிரவுட் இருப்பது உண்மை. வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்டதாம். குளிர்ந்த தண்ணீரில்தான் பிழைக்கும். மீன்வளத் துறையில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் பிடிக்கலாம், ஆனால் புழு போடக் கூடாது, ஈ போட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஈ என்றால் நிஜ ஈ இல்லை. சேவலின் கழுத்து இறகைச் சின்னத் தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிச் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சி மாதிரி செய்கிறார்கள். அதற்கு எடையே கிடையாது. அதனால் தடித்த கயிறு ஒன்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, அந்த வேகத்தில் ஈயைக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்க வேண்டும். சார் இதையெல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். தூண்டிலை ஆன்லைனில் வாங்கினார்.

முதல் வீச்சில் ஈ தேயிலைச் செடியில் மாட்டியது. இரண்டாவதில் அவருடைய குரங்குக் குல்லாவில். மூன்றாவதில் என் குடையில். "சார், மீனு அந்தப் பக்கம் இருக்கு" என்றேன். "தெரியுதுங்க சிஸ்டர். கை கேக்க மாட்டேங்குதுங்க" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. நான் கடற்கரையில் பிறந்தவள். சின்ன வயதில் துறைமுகப் பாறைமேல் நின்று தம்பிகளோடு கைத்தூண்டில் போட்டு, கிளாத்தி மீனும் ஊளி மீனும் இழுத்தவள். ஓர் இறால் துண்டைக் குத்திப் போட்டால் வேலை முடிந்தது. "ஒரு மண்புழுவைக் குத்திப் போடுங்க சார், யாரு பாக்கா?" என்றேன். "ரூல்ஸ்ங்க" என்றார். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற முகத்தோடு.

திரும்பி வரும்போது, நான் இந்த ஊருக்கு வந்த முதல் நாள் பற்றிப் பேச்சு வந்தது. அன்றைக்கு டீக்கடையில் நின்றுகொண்டு, "மீனு கிடைக்காத ஊர்ல மனுசன் இருப்பானா? ஒரு துண்டு மீனுக்கு நான் எங்க போவேன்?" என்று நான் போட்ட கூச்சல் சாருக்கு அப்படியே நினைவிருக்கிறது. அன்று நான் என்ன நிறச் சேலை கட்டியிருந்தேன் என்பதும் சொன்னார். எனக்கே மறந்துபோயிற்று. வாத்தியார்களுக்கு ஞாபகசக்தி அதிகம்.

ஜூலை 28

குடையில் ஈ குத்திய இடத்தில் ஓட்டை. தைத்தேன். ஈயைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். மேசைமேல் இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஜூலை 30

கொட்டுகிறது. இப்படி ஒரு மழையை நான் கண்டதில்லை. கீழே மலைப்பாதையில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது. எனக்குப் பதில் வரவேண்டிய பெண் மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். போனில், "அங்க குளிரு ரொம்பவா இருக்கும், அக்கா?" என்று பயந்த குரலில் கேட்டாள். "பழகிரும்" என்றேன். நானா இதைச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

அம்மாவிடம் ரோடு மூடியதைச் சொன்னேன். திருநாளுக்கு வர முடியாது என்பதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1

நேற்று மத்தியானம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சியைத் தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ் வர வழியில்லை. டாக்டர் போனில் சொல்லச் சொல்ல நானும் உதவிக்கு இருக்கும் பெள்ளியம்மாவுமாகப் பிரசவம் பார்த்தோம். பெண் குழந்தை. பிறந்ததும் அழுத அழுகையில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நானும் அழுதேன், சந்தோஷத்தில்.

வெளியே வந்தால் வராந்தாவில் நல்லசிவம் சார். மழையில் முழுக்க நனைந்து, கையில் ஃபிளாஸ்க். குழந்தைக்கு அப்பா நடுங்கிக்கொண்டிருந்தானாம், துணைக்கு உட்கார்ந்தாராம். ஃபிளாஸ்க்கில் இருந்தது சுக்குக் காப்பி, சர்க்கரை கம்மியாக. நான் சர்க்கரை கம்மியாகக் குடிப்பது அந்த அப்பனுக்குத் தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் 2

பெள்ளியம்மா இந்த ஊர்க்காரி, சுகாதார நிலையத்தில் என் வலது கை. இன்றைக்கு ஊசி மருந்துப் பெட்டிக்கு ஐஸ் அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு விஷயம் சொன்னாள்.

"சிஸ்டர், அந்த சார் கறிக்கடைக்குப் போய் சேவல் இறகு பொறுக்குறாரு. கறி வாங்க மாட்டாரு, இறகு மட்டும். செய்வினை வைக்கிறாருன்னு ஊர்ல பேச்சு."

"ஈ செய்யுறதுக்கு. கறியும் வாங்கித் தின்னா என்னவாம்?"

"அவரு எங்க தின்பாரு? சுத்த சைவம். ஸ்கூல்ல சத்துணவு முட்டையக்கூடத் தொட மாட்டாரு. கரண்டியால எடுத்துப் போடுவாரு."

எனக்கு ஐஸ் கட்டி கையில் இருந்தது மறந்துபோய் விரல் மரத்துவிட்டது. சைவமா? இரண்டு வருஷமாக முழங்கால் தண்ணீரில் நின்று, அட்டைக்கடி வாங்கி, என்னிடமே வந்து மருந்து போட்டுக்கொண்டு போகிற மனுஷன் சைவமா?

மாலையில் கேட்டேவிட்டேன். "சார், நீங்க மீனே திங்க மாட்டீங்களாமே?"

"ஆமாங்க. வீட்ல பழக்கமில்லீங்க."

"பிறகு யாருக்கு சார் பிடிக்கீங்க?"

அவர் காது சிவந்தது. "மழ வருதுங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மழை வந்து ஒரு வாரம் ஆகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத மனுஷர். பெள்ளியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன சிரிப்பு?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

ஆகஸ்ட் 3

தூக்கம் சரியில்லை. குளிர்தான் காரணம்.

இன்றும் ஞாயிறு. காலையில் வானம் வெளுத்தது. நானே சாரைக் கூப்பிட்டேன். ஓடையைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது. சின்ன ஓடை ஆறுபோல ஆகிவிட்டது. டீ நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. "தண்ணி இவ்வளவு கலங்கியிருந்தா மீனுக்கு ஈ தெரியாதுங்க சிஸ்டர். ஒரு வாரம் ஆகுமுங்க தெளியறதுக்கு" என்றார். அதற்குள் ரோடு திறந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சும்மா கரையோரம் நடந்தேன். ஓடை வளைகிற இடத்தில், சோலைக்குள்ளிருந்து ஒரு வாய்க்கால் வந்து சேர்கிறது. காட்டு மரங்களின் வேருக்குள் வடிகட்டி வருவதால் அந்தத் தண்ணீர் மட்டும் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. அது கலங்கல் ஓடையில் கலக்கும் இடத்தில் ஒரு கோடு. இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் தெளிவு. இதை நான் பார்த்திருக்கிறேன். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால், ஆறு போய்ச் சேரும் புன்னைக்காயல் கடலில் இதே கோடு விழும். அந்தக் கோட்டில்தான் அப்பா வலை விடுவார். கலங்கலில் அடித்து வரும் இரைக்காகத் தெளிந்த தண்ணீரில் மீன் காத்து நிற்கும்.

"சார்! இங்க வாங்க! இந்தக் கோட்டுல போடுங்க!"

போட்டார். ஈ கோட்டில் விழவில்லை. மறுபடி போட்டார். பிறகு தூண்டிலை என்னிடம் நீட்டினார். "நீங்களே போடுங்க சிஸ்டர். உங்க கண்டுபிடிப்புங்க."

நான் அவர் மாதிரி தலைக்கு மேலே எல்லாம் சுற்றவில்லை. வாய்க்கால் தண்ணீரில் ஈயை விட்டேன். அது மிதந்து போய்க் கோட்டைத் தொட்டது. தண்ணீருக்குள் ஒரு வெள்ளி மின்னல். கையில் ஒரு சுண்டு. அவ்வளவுதான், எனக்குப் பழைய கை வந்துவிட்டது. ஊளி மீனை இழுப்பதுபோல் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். ஈயைக் கட்டியிருந்த மெல்லிய நைலான் நரம்பு பட்டென்று அறுந்தது. நான் பின்னால் விழுந்து சேற்றில் உட்கார்ந்தேன்.

"ஐயோ, மெதுவா தூக்கோணுமுங்க! இது முடி மாதிரி நரம்புங்க!"

"அதை முன்னாடி சொல்லணும்லா!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றில் உட்கார்ந்தபடி வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கையை விட்டது யார் முதலில் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5

மாதா திருநாள். வாழ்நாளில் இதுதான் இரண்டாவது தடவை ஊரில் இல்லாமல் போனது. போன வருஷம் அழுதேன். இந்த வருஷமும் அழலாம் என்று மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அம்மா போனில் கோயில் மணிச் சத்தம் கேட்க வைத்தாள். "அடுத்த வருசம் நீ இங்கனதான இருப்ப" என்றாள். "ம்" என்றேன்.

சார் திருநாளுக்கென்று ஒரு டிபன் பாக்ஸில் கேசரி கொண்டுவந்தார். அவரே கிளறியதாம். கட்டி கட்டியாக இருந்தது. முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 6

ரோட்டில் மண் அள்ளுகிறார்கள். சனிக்கிழமை பஸ் விடுவார்களாம். அந்தப் பெண் முதல் பஸ்ஸிலேயே வருகிறாளாம். பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தேன். துணி எதுவும் அடுக்கவில்லை. ஈரமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7

எல்லாத் துணியும் காய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 8

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, நாளைக்குப் பஸ். கன மழை என்று பள்ளிக்கூடத்துக்கு விட்ட விடுமுறை இன்னும் முடியவில்லை. புறநோயாளிகளைப் பார்த்து முடித்து, நான் மத்தியானமே மசாலா அரைத்து வைத்துவிட்டேன். மிளகாய், மல்லி, சின்ன வெங்காயம், கொஞ்சம் பெருஞ்சீரகம். புளியும் ஊறப்போட்டேன். பிடித்தால் பொரிப்பதா குழம்பா என்று முடிவு செய்யவில்லை. பிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனா, பிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேனா என்று மாதாவுக்கே குழம்பியிருக்கும்.

மூன்று மணிக்கு ஓடையில் நின்றோம். தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்தது, கோடு மட்டும் அப்படியே இருந்தது. சார் கருப்புச் சேவல் இறகில் புதிதாக ஒரு ஈ கட்டி வந்திருந்தார். கலங்கலில் கருப்புதான் மீன் கண்ணுக்குத் தெரியும் என்று எங்கோ பார்த்தாராம். குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டு வீசினார். நான் இத்தனை நாளில் பார்த்ததிலேயே அதுதான் நல்ல வீச்சு. கயிறு நீளமாகப் போய், ஈ சத்தமே இல்லாமல் கோட்டின் மேலேயே இறங்கியது.

மீன் ஈயைக் கவ்வியது.

"மெதுவா! மெதுவா சார்!" இப்போது கத்தியது நான். தூண்டில் வில்லாக வளைந்தது. மீன் கலங்கலுக்குள் ஓடியது, பாறைக்குப் பின்னால் போனது, துள்ளி ஆகாயத்துக்கு வந்தது. சார் வாயைத் திறந்தபடி கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தார். மீனை ஏந்தும் கைவலை கொண்டுவரவில்லை. இரண்டு வருஷமாகத் தேவைப்படாததால் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்! நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து, மீனை அதற்குள் வாங்கிவிட்டேன்.

அப்படி ஓர் அழகு. முழங்கை நீளம். உடம்பெல்லாம் மிளகு தூவியதுபோல் புள்ளி, விலாவில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை. சார் குனிந்து பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. "புடிச்சுட்டனுங்க சிஸ்டர்" என்றார். "புடிச்சுட்டனுங்க."

நான் முள்ளைக் கழற்றினேன். இரண்டு கையாலும் மீனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளிர்ந்த, கனத்த, நல்ல மீன். எங்கள் வீட்டில் யாரும் பிடித்த மீனைத் தண்ணீரில் விட்டதாகக் கேள்விப்பட்டதே இல்லை. அப்படிச் செய்தால் அம்மா என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள். ஆனால் இதைக் கொண்டுபோய்க் குழம்பு வைத்தால், சாப்பிட்டால், கை கழுவினால், நாளைக்குப் பஸ்.

குனிந்து தண்ணீரில் விட்டுவிட்டேன். ஒரு நொடி என் கைக்குள்ளேயே நின்றது. பிறகு வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டது.

"ஏனுங்க!" சார் அலறினார். அவர் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது. "என்ன பண்ணீட்டீங்க! ரெண்டு வருசமுங்க! உங்களுக்குத்தானுங்க புடிச்சேன்!"

"தெரியும்."

"தெரியுமுங்களா?"

"சைவக்காரரு வேற யாருக்குப் பிடிப்பீங்க?"

"அப்பறம் ஏனுங்க விட்டீங்க?"

"அதைத் தின்னா நான் போகணும்லா!" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குப் போக வேண்டாம். போதுமா? இதையும் நான்தான் சொல்லணுமா? ரெண்டு வருசமா ஈ கட்டத் தெரியுது, வாயைத் தெறந்து ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா உங்களுக்கு?"

அவர் முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றார். மழை மறுபடி தூற ஆரம்பித்தது.

"கேக்கலாம்னுதானுங்க இருந்தேன். மீனக் குடுத்துட்டுக் கேக்கலாம்னு."

"நல்லா கேட்டீங்க. மீனைக் குடுத்துருந்தா நான் பஸ் ஏறியிருப்பேன்."

அதை அவர் யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அறிவியல் வாத்தியார்! பிறகு தூண்டிலைக் கரையில் வைத்துவிட்டு, நனைந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "டெல்பின்" என்றார். இந்த ஊரில் எனக்குச் சிஸ்டர் என்பதைத் தவிர வேறு பேரே இல்லை. என் பேர் இவருக்குத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "இங்கயே இருந்துருங்க டெல்பின். என்கூட."

"சரி" என்றேன்.

வீட்டுக்கு வந்து, அரைத்த மசாலாவை வீணாக்குவானேன் என்று உருளைக்கிழங்கில் தடவிப் பொரித்தேன். பெள்ளியம்மாவையும் கூப்பிட்டேன். சார் ஒரு துண்டை எடுத்துத் தின்றுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வழிய, "மீனு இப்புடித்தான் இருக்குமுங்களா?" என்று கேட்டார். "இதைவிட நல்லாயிருக்கும்" என்றேன். பெள்ளியம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

ஆகஸ்ட் 9

காலையிலேயே இடமாறுதல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேட்டுப்பாளையத்துப் பெண்ணிடம் போனில் சொன்னதும், "நிஜமாவா அக்கா?" என்று துள்ளினாள். குளிருக்குப் பயந்தவள் தப்பித்தாள்.

பிறகு அம்மா. ஒரு மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாறுதல் வேண்டாம் என்றதையும், மீன் தின்னாத சாரைப் பற்றியும் ஒரே மூச்சில் சொன்னேன். நான் வருகிறேன் என்று வெள்ளையடித்த வீட்டில் தனியாக நிற்கிறாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி குடும்பத்தோடு பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான், ஆனாலும்.

"ஏட்டி" என்றாள் கடைசியில். "நம்ம சாமிய கும்பிடுறவரா?"

"இல்லம்மா. ஆனா திருநாளுக்குக் கேசரி கிளறிக் குடுத்தாரு."

"மீனு திங்க மாட்டாராமே. நீ என்ன செய்வ?"

"அவரு பிடிப்பாரு. நான் தின்பேன்."

"இதுவரைக்கும் எதாவது பிடிச்சிருக்காரா?"

"ஒண்ணு பிடிச்சாரு. நான் விட்டுட்டேன்."

"விட்டுட்டியா!" திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அப்பா இருந்த காலத்தில், அவர் கடலுக்குப் போன ராத்திரிகளில் அம்மா விளக்கை அணைக்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். அந்த மாதிரி ஒரு மௌனம்.

"கடலுக்குப் போற ஆளு இல்லியே?"

"இல்லம்மா. முழங்கால் தண்ணியிலதான் நிப்பாரு."

"அப்ப சரி" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு பழைய அதிகாரக் குரல் திரும்பிவிட்டது. "அங்கன குளிரு ரொம்பவாட்டி? நான் கிளம்பி வாரேன். எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வையி. பெருசா வாங்கு, உள்ள ரெண்டு சேலை கட்டிக்கிட்டு வருவேன்."